அபிமானமும் அவசரமும்

வேற்று மொழி வழங்கும் ஊரில் குடியேறியவர்களுக்குத் தொல்லை தருவன தெரியாத சொற்களே என்று பலரும் எண்ணுகின்றனர். இந்நகரில் நெடுநாள் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தினரைக் கேட்டால் வேறு விதமாகவே சொல்லுவார்கள். தெரியாத சொல் யாரையும் ஏமாற்றுவதில்லை. காய்கறிக்காரர் 'தெந்துல்' என்று சொன்னால், அது யாது என்று கேட்டுவிடுகிறோம், புளி என்று அறிந்துகொள்கிறோம், காரியம் முடிந்தது. 'அவசரம்', 'அபிமானம்', 'கல்யாணம்' என்பன போன்ற சொற்கள் வங்காளியர் வாயிலிருந்து வரும்போதுதான் இடர் தொடங்குகிறது. அவை நம் வீட்டிலும் நாள்தோறும் புழங்குபவை. கேள்வி கேட்க வேண்டும் என்ற நினைவே அங்கு எழுவதில்லை. புதிதாக வந்துள்ள குடும்பங்களுக்குப் பயன்படும் என்று கருதி இச்சொற்களைப் பற்றிச் சிறிது எழுதுகிறோம். பழைய குடிகள் படித்துச் சிரித்துக்கொள்ளலாம்.

வங்காள மொழியும் தமிழும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆயினும் இரண்டும் வடமொழியிலிருந்து ஏராளமான சொற்களை ஏற்றுக்கொண்டுள்ளன. வங்காளியர் அவற்றை உச்சரிக்கும் முறைதான் வேறு. அகரம் பெரும்பாலும் ஒகரத்தின் பக்கம் சாய்ந்து ஒலிக்கும், வகரம் பகரமாகிவிடும், ஸகரம் ஷகரமாகிவிடும். வசந்தம் 'பொஷொந்தோ' ஆகும். நதி 'நொதி' ஆகும். பரீட்சை 'பொரீக்கா' ஆகும். இந்த மூன்று மாறுதல்களும் காதுக்குப் பழகியவுடன், வந்து இரண்டு மாதம் ஆகாதவர்கூட வங்காளம் பாதி வந்துவிட்டது என்று துணிவு கொள்கிறார். அத்துணிவு முற்றிலும் வீண் என்று சொல்ல மாட்டோம். மேகம் மேகந்தான், புத்தகம் புத்தகந்தான். ஆனால் ஒரே தாய்வீட்டிலிருந்து இரண்டு ஊர்களுக்கு வாழ்க்கைப்பட்ட சகோதரிகள், ஐம்பது ஆண்டுகளில் சமையலும் பேச்சும் மாறிப்போய் நிற்பதுபோல, இச்சொற்களுட் பல அங்கங்கே குடித்தனம் செய்து குணம் மாறிப்போயிருக்கின்றன.

முதலில் சமையலறையைப் பார்ப்போம். சங்கடம் அங்கேதான் முதலில் வரும். லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் காப்பிப் பொடியும் வாங்குகிறவர்களுக்குக் கவலை குறைவு. அங்குள்ள கடைக்காரர் சிலர் நம் காய்களின் பெயர்களை நம்மைவிடத் தெளிவாகச் சொல்லுகின்றனர். கடியாஹாட் சந்தைக்குப் போனால் கதை வேறு. மொச்சை வேண்டும் என்று கேட்டால் வாழைப்பூ வரும். அவர்கள் மொழியில் 'மோச்சா' என்பது வாழைப்பூ. 'லொங்கா' வேண்டுமா என்று கடைக்காரர் கேட்பது மிளகாயைப் பற்றி. இராவணன் ஆண்ட தீவுக்கும் அதே பெயர்தான். 'கொலா' என்றால் வாழைப்பழம். கலைக்கும் எழுத்து மாறாமல் அதே சொல் வழங்குகிறது. 'ரொஷ்' என்பது நம் ரசம் அன்று. பழச்சாறும் ரொஷ், ஈச்சமரத்துப் பதநீரும் ரொஷ், ரசகுல்லா மிதக்கும் சர்க்கரைப் பாகும் ரொஷ். இவற்றுக்கெல்லாம் சிகரம் வைத்தாற்போன்றது 'புலி'. நாம் பொங்கலிடும் அதே நாளில் அவர்கள் பௌஷ சங்கிராந்தி கொண்டாடுகின்றனர். அன்று அண்டை வீட்டிலிருந்து 'புலிப் பிட்டே' வரும். பெயரைக் கேட்டுப் புளியோதரை போல ஒன்றை எதிர்பார்த்தவர்கள் வாயில் வைத்தால், தேங்காயும் வெல்லமும் பூரணமாக வைத்த இனிப்புக் கொழுக்கட்டை!

நெய்யைப் பற்றியும் ஒரு வார்த்தை. வங்காளத்தில் நெய்க்கு 'கீ' என்று பெயர். 'நேய்' என்றால் 'இல்லை' என்று பொருள். கடையில் போய் "நெய்" என்று ஒரு மூதாட்டி கேட்க, என்ன இல்லை என்கிறார் இவர் என்று கடைக்காரர் விழிக்க, இருவரும் அச்சொல்லையே மாறி மாறிச் சொல்லிக்கொண்டு நின்றதாக ஒரு பழங்கதை இங்குள்ள தமிழர்களிடையே உலவுகிறது. நடந்ததோ, கட்டியதோ, கேட்க நன்றாயிருக்கிறது.

உறவுப் பெயர்களிலும் இத்தகைய வேடிக்கைகள் உண்டு. அவர்கள் 'தாதா' என்பது அண்ணனை. நம் காதில் அது தாத்தா என்று விழுகிறது. முப்பது வயது இளைஞர் தம்மைப் பார்த்து எதிர்வீட்டுப் பையன் 'தாதா' என்றதும் முகம் சுளித்ததைக் கண்டிருக்கிறோம். 'காக்கா' சிற்றப்பா. 'மாஷி' தாயின் சகோதரி. மாசி மாதத்திற்கும் அவருக்கும் தொடர்பில்லை. பெயரின் பின் 'தா' சேர்த்து அழைப்பது அங்கே மரியாதை. அந்தத் தகரம் தமிழ் நாவில் சற்றே பிறழ்ந்து டகரமாகிவிட்டால் தமிழ்ச் செவிக்கு அதைவிட மரியாதைக் குறைவு வேறில்லை.

இவை யாவும் சிரித்துவிட்டுப் போகத்தக்கவை. கத்தரிக்காய்க்குப் பதில் சுரைக்காய் வந்தால் அதையே சமைத்துவிடலாம். மனத்தைப் பற்றிய சொற்கள் அவ்வளவு எளியவை அல்ல.

'அவசரம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். வடமொழியில் இதற்குத் தக்க சமயம், வாய்ப்பு, ஓய்வு என்று பல பொருள்கள். தமிழில் இது விரைந்து செய்ய வேண்டிய நிலையைக் குறிப்பதாயிற்று. வங்காளத்தில் 'ஒபொஷோர்' என்று ஒலித்து ஓய்வைக் குறிக்கின்றது. வேலையிலிருந்து ஓய்வு பெறுதலும் அதுவே. அதாவது ஒரே சொல் நம்மிடம் ஓடச் சொல்லுகிறது, அவர்களிடம் உட்காரச் சொல்லுகிறது. மதுரையிலிருந்து மாற்றலாகி வந்த இளைஞர் ஒருவரிடம், அலுவலகத்து மூத்தவர், ஓய்வு கிடைக்கும்போது ஒரு முறை வந்து போகும்படி வங்காளத்தில் சொல்லியனுப்பினார். இளைஞர் காதில் விழுந்தது 'அவசரம்' ஒன்றுதான். உண்டுகொண்டிருந்த தயிர்ச்சாதத்தை அப்படியே மூடி வைத்துவிட்டு மூன்று மாடி ஏறி மூச்சிரைக்க நின்றார். மூத்தவர் அவருக்குத் தண்ணீர் கொடுத்து அமரச் செய்து, இராமேசுவர யாத்திரைக்கு எந்த மாதம் ஏற்றது என்று நிதானமாகக் கேட்டாராம்.

'கல்யாணம்' நமக்குத் திருமணம், அவர்களுக்கு நலம். வங்க எழுத்தை ஒருவாறு கற்றுக்கொண்ட அன்பர் ஒருவர், பலகையொன்றில் 'சிசு கல்யாண்' என்று கண்டு, குழந்தை மணத்திற்கு இந்நாளிலும் பலகை வைத்து ஆதரவா என்று கொதித்துப் போனார். குழந்தை நலம் என்று விளக்கிச் சொன்ன பிறகே அமைதியடைந்தார். 'சிந்தா' என்றால் சிந்தனை மட்டுமன்று, கவலையும். 'சிந்தை செய்யாதே' என்று ஒரு வங்காளியர் சொன்னால் யோசிக்காதே என்று உபதேசிக்கவில்லை, கவலை வேண்டாம் என்று தேற்றுகிறார். 'அவஸ்தா' என்றால் வெறும் நிலைமை. "என்ன அவஸ்தை?" என்று அவர்கள் சிரித்துக்கொண்டே விசாரிப்பதில் தவறொன்றுமில்லை. 'செஷ்டா' முயற்சி. நம் பிள்ளைகளின் சேஷ்டையைப் பற்றி நாம் குறைப்படுவதுபோல், வங்காள ஆசிரியர் பிள்ளையிடம் செஷ்டா போதவில்லை என்று குறைப்படுவார். 'ராக்' என்பது சங்கீதத்து ராகமும் ஆகும், கோபமும் ஆகும். ராகம் என்பதற்கு வடமொழியில் செந்நிறம், வேட்கை என்றெல்லாம் பொருள் இருப்பதை நினைத்தால், முகம் சிவப்பது எவ்வாறு ராகமாயிற்று என்பது விளங்கும். ஒரு வீட்டில் பெண் ஒருத்தி காலையில் ஆலாபனை செய்து முடித்துச் சோர்ந்து அமர்ந்திருக்க, அண்டை வீட்டு அம்மையார் எட்டிப் பார்த்து "ராக் கொரேச்சோ?" என்றாராம், கோபமா என்று. அவள் "ஆமாம், கல்யாணி" என்று விடையளித்தாளாம்.

இனி, அபிமானத்திற்கு வருவோம். இச்சொல்லைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினோம் எனினும் பிழையில்லை.

தமிழில் அபிமானம் என்றால் பற்று, அன்பு. சில இடங்களில் தன்மானம். 'அவருக்கு நம்மிடம் மிகுந்த அபிமானம்' என்றால் நமக்குப் பெருமை. வங்காளத்து 'ஒபிமான்' என்பதோ, அன்புக்குரியவர் நம்மைப் புறக்கணித்துவிட்டாரே என்று உள்ளுக்குள் நொந்து, வாய்விட்டுச் சொல்லாமல் ஒதுங்கி நிற்கும் நிலை. அன்பு அதில் உண்டு. ஆனால் அன்பு காயப்பட்டு நிற்கிறது.

தேசப்பிரிய பூங்காவுக்கு அருகே நமக்கு மிகவும் வேண்டிய தமிழ்க் குடும்பம் ஒன்று வாடகைக்கு இருந்தது. கீழ்த்தளத்தில் வங்காள மூதாட்டி ஒருவர் தனியே வாழ்ந்தார். எல்லோருக்கும் அவர் மாஷிமா. தமிழ்க் குடும்பத்துப் பெண்குழந்தை அவர் மடியிலேயே வளர்ந்தது என்று சொல்லலாம். குழந்தைக்குச் சுரம் என்றால் மாஷிமா இரவெல்லாம் விழித்திருப்பார். அப்பெண் வளர்ந்து, மூத்தவளுக்கு வளைகாப்பு என்று ஒரு நாள் வந்தது. நம் வழக்கப்படி நெருங்கிய தமிழ்ச் சுமங்கலிகளை மட்டும் அழைத்தார்கள். கணவரை இழந்தவரான மாஷிமாவை இத்தகைய சடங்குக்கு அழைத்தால் அவருக்குச் சங்கடமாகுமோ என்று வீட்டு அம்மையார் தயங்கினார். மறுநாள் பலகாரம் மட்டும் வேலைக்காரப் பெண்ணிடம் கொடுத்தனுப்பினார்.

ஒரு வாரம் மாஷிமா மேலே வரவில்லை. பிறகு வேலைக்காரப் பெண் வந்து, மாஷிமாவுக்கு உங்கள் மேல் மிகுந்த ஒபிமான் என்று சொன்னாள். அம்மையாருக்கு மனம் குளிர்ந்தது. "அது எனக்குத் தெரியாதா! எனக்கும் அவரிடம் அப்படித்தான்" என்று சிரித்தார். அப்பெண் கீழே போய் அதை அப்படியே சொன்னாள். அந்த மூதாட்டி அதை எவ்வாறு ஏற்றிருப்பார் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். தாம் நொந்திருப்பது தெரியும் என்கிறாள், தெரிந்தும் வரவில்லை, போதாததற்குத் தானும் நொந்திருப்பதாகச் சொல்லுகிறாள்! கீழ்த்தளத்துக் கதவு அடைபட்டது. ஏறத்தாழ மூன்று மாதங்கள் இரு வீட்டாருக்கும் பேச்சில்லை. மேலே இருந்தவர்கள், இவ்வளவு அபிமானம் உள்ளவர் ஏன் வருவதில்லை, முதுமையின் தள்ளாமை போலும் என்று இருந்துவிட்டார்கள்.

விஜயதசமி வந்தது. துர்க்கையின் உருவங்களை ஆற்றில் விட்ட பின், இளையோர் பெரியோரின் பாதம் தொட்டு வணங்குவதும் இனிப்பு வழங்குவதும் இங்குள்ள வழக்கம். அப்போதுதான் பேச்சு எழுந்தது. பள்ளியில் வங்காளம் பயின்ற இளைய பெண் தாயின் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டுத் திடுக்கிட்டு, "அம்மா, அது அபிமானம் இல்லை, மனத்தாங்கல்" என்றாள். அம்மையார் அந்த நிமிடமே தேங்காய்ப் போளியை ஏந்திக்கொண்டு கீழே இறங்கினார். கதவைத் திறந்த மாஷிமா முதலில் ஒன்றும் பேசவில்லை. பிறகு அழுதார். பிறகு திட்டினார். அந்தத் திட்டு முடிய அரை மணி நேரம் ஆயிற்று என்றும், தம் தாயார் இறந்தபின் தம்மை அவ்வளவு உரிமையோடு திட்டியவர் வேறு ஒருவருமில்லை என்றும் அந்த அம்மையார் நம்மிடம் சொன்னார். அவர் சொல்லும்போது கண் கலங்கியிருந்தது.

ஒபிமானின் இலக்கணம் அந்த அரை மணியில் முழுவதும் இருக்கிறது. அது அயலார் மீது வருவதில்லை. உரிமை உள்ள இடத்தில்தான் வரும். சினம் பேசிவிடும், இது பேசாது. மற்றவர் தாமே உணர்ந்து வந்து சமாதானம் செய்யவேண்டும் என்று காத்திருக்கும். அவ்வாறு சமாதானம் செய்வதற்கு 'மான் பாங்கானோ' என்று தனியே ஒரு தொடரே வழங்குகிறது. தமிழில் இதற்கு நேரான சொல் எது? ஊடல் மிக அருகில் வருகிறது. ஆனால் அது காதலருக்கே உரியது. திருக்குறளின் கடைசி மூன்று அதிகாரங்கள் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்று அதற்கே ஒதுக்கப்பட்டிருந்தும், எல்லாம் தலைவன் தலைவியரைப் பற்றியவையே. தாய்க்கு மகன் மீதும், தோழிக்குத் தோழி மீதும், பக்தனுக்குத் தெய்வத்தின் மீதுங்கூட ஒபிமான் உண்டாகும். மனத்தாங்கல் என்றால் சற்றுக் கசப்பு மிகுந்துவிடுகிறது. செல்லக் கோபம் என்றால் விளையாட்டாகிவிடுகிறது. வங்க நாவல்களைத் தமிழாக்கிய த. நா. குமாரஸ்வாமி, கல்கத்தாவில் வாழ்ந்த சு. கிருஷ்ணமூர்த்தி முதலியோர் இந்த ஒரு சொல்லை எத்தனை முறை எதிர்கொண்டிருக்க வேண்டும் என்று நினைக்கும்போது அவர்கள் பணியின் அருமை விளங்குகிறது.

நிற்க. இத்தகைய குழப்பம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. ஸ்பானிய மொழி பேசுவோர் ஆங்கிலம் கற்கும்போது படும் பாடு நம் பாட்டை அப்படியே ஒத்திருக்கிறது. நமக்கு வடமொழி எவ்வாறோ அவ்வாறே அவ்விரு மொழிகளுக்கும் இலத்தீன் சொல் வழங்கியிருக்கிறது. ஸ்பானியர் 'பரியெந்தே' என்பது உறவினரை. ஆங்கிலத்தில் 'பேரன்ட்' பெற்றோர். எனவே சிற்றப்பாவையும் அத்தையையும் பெற்றோர் என்று எழுதிவிடுவது எளிது. 'லிப்ரெரியா' அவர்களுக்குப் புத்தகக் கடை, 'லைப்ரரி' நூலகம். 'எக்ஸிட்டோ' வெற்றி, 'எக்ஸிட்' வெளியே போகும் வழி. 'ஃபாப்ரிக்கா' தொழிற்சாலை, 'ஃபாப்ரிக்' துணி. பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே உள்ள இத்தகைய சொற்களைத் திரட்டி மாக்சிம் கோஸ்லர், ஜூல் தெரொக்கிஞி என்ற இருவர் 1928 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டனர். அதில் அவர்கள் சூட்டிய 'போலி நண்பர்கள்' என்ற பெயரே இன்று உலகெங்கும் நிலைத்துவிட்டது. பெயர் பொருத்தமானதுதான். ஆனால் நம் ஊரில் அதையும் எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும். நண்பருக்கு வங்காளத்தில் 'பொந்து' என்று பெயர். நம் பந்துவோ உறவினர். அவர்களுடைய 'குடும்ப' என்பது பெரும்பாலும் சம்பந்தி வழியில் வந்த உறவு. அவர்கள் குடும்பத்தைக் குறிக்க வழங்கும் 'பொரிபார்' நம் பரிவாரம். பழைய வழக்கில் அச்சொல் மனைவியையும் குறித்தது என்று அறியும்போது, 'என் சம்சாரம்' என்று சொல்லும் நம் பெரியவர்களின் நினைவு வருகிறது. மனைவியின் பெயரைச் சொல்லாமல் வீட்டையே காட்டிவிடும் கூச்சம் இரு நாட்டார்க்கும் பொது போலும்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஏற்படும் குழப்பம் சுவையானது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் 'சரித்திரம்' என்று எழுதினால், வங்காளம் படிக்கும் பிள்ளைகளுக்கு 'சொரித்ரோ', அதாவது ஒழுக்கம், குணம் என்பது நினைவுக்கு வருகிறது. சரித்திரத்திற்கு அவர்கள் சொல் 'இதிஹாஷ்'. நாம் இதிகாசம் என்பது இராமாயண பாரதங்களை. அவை அவர்களுக்கு மகாகாவியங்கள். 'உபந்நியாசம்' என்றால் நாம் மண்டபத்தில் அமர்ந்து ஹரிகதை கேட்கப் புறப்படுவோம். வங்காளியர் 'உபொந்யாஷ்' என்றால் நாவல். பங்கிம் சந்திரரின் 'துர்க்கேச நந்தினி' 1865 இல் வெளிவந்த உபொந்யாஷ். தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879 இல் வந்தது. அப்பெயரை வங்காள மாணவன் கேட்டால், பிரதாப முதலியாரின் நடத்தை எத்தகையது என்று விசாரிக்கும் நூல் என்றுதான் நினைப்பான். 'கதை'யும் இவ்வாறே இடம் மாறிவிட்டது. அவர்களுக்குக் 'கொத்தா' என்றால் பேச்சு, வார்த்தை. உங்களோடு ஒரு கொத்தா இருக்கிறது என்று ஒருவர் வந்தால், கதை கேட்கும் ஆவலோடு உட்கார வேண்டாம். பெரும்பாலும் அது வாடகை விஷயமாக இருக்கும். 'சிக்கா' கல்வி, தமிழில் சிட்சை தண்டனை. ஆனால் நம் சங்கீத வித்துவான்கள் இன்னும் குருவிடம் சிட்சை பெற்றதாகத்தான் சொல்லுகின்றனர். பழம்பொருள் அவர்களிடம் பிழைத்திருக்கிறது.

ஒலியால் வரும் தொல்லை இதனின்றும் வேறு. நம்மவர் பலர் வங்காளச் சொற்களைத் தமிழெழுத்தில் குறித்து வைத்துக்கொண்டு கற்கிறார்கள். தமிழில் பகரம் ஒன்றே. வங்காளத்தில் அந்த இடத்தில் நான்கு எழுத்துகள். 'பாத்' என்று குறித்துக்கொண்டால் அது சோறும் ஆகலாம், வாதநோயும் ஆகலாம். சோற்றில் உள்ள பகரத்தை மூச்சை அழுத்தி வெளியிட்டுச் சொல்லவேண்டும். 'ஜொல்' தண்ணீர், அழுத்திச் சொன்னால் 'ஜோல்' என்று மீன் குழம்பாகிவிடும். உணவு விடுதியில் குடிக்கத் தண்ணீர் கேட்ட சைவருக்கு இதனால் விளைந்ததை விவரிக்க வேண்டியதில்லை. 'கா' உடம்பு, அழுத்திய 'கா' புண். வைத்தியரிடம் போகுமுன் இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லப் பழகிக்கொள்வது நல்லது. குறிப்பேட்டில் அழுத்தி ஒலிக்க வேண்டிய எழுத்தின் கீழ் ஒரு கோடு இழுத்துக்கொண்டாலே பாதி இடர் நீங்கும். அதைவிட நல்ல வழி வங்க எழுத்தையே கற்பது. வித்தியாசாகரர் 1855 இல் இயற்றிய 'வர்ண பரிச்சய'த்தை வைத்துக்கொண்டு ஒரு மாதம் அமர்ந்தால் போதும். நம் இல்லங்களில் பேரன்மாரோடு சேர்ந்து பாட்டிமாரும் இவ்வாறு கற்றதுண்டு.

மற்றொன்றும் சொல்லுவோம். பெயர்ச்சொல்லைத் தனியே மனப்பாடம் செய்வதால் பயன் குறைவு. அதனோடு எந்த வினை கூடி வருகிறது என்பதையும் சேர்த்தே கற்கவேண்டும். 'ராக்' செய்தால் கோபம். 'ராக்' பாடினால் சங்கீதம். 'ஒபொஷோர்' பெற்றுக்கொள்ளும் பொருள். ஒருவரும் அதைப் 'படுவ'தில்லை. நாம் அவசரப்படுகிறோம், அவர்கள் அவசரம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று நினைவில் வைத்தால் மறப்பதற்கில்லை. மாஷிமாவின் செய்தியிலும் ஒரு குறிப்பு இருந்தது. ஒரு வாரமாக வராதவருடைய ஒபிமான் என்றால், அந்த வராமையையும் சேர்த்துத்தான் பொருள் கொண்டிருக்க வேண்டும்.

கடைசியாக, நம்மைப் போன்ற குடியேறியவர்களிடம் இந்நகரத்தார் மிகுதியாகக் கேட்கும் கேள்வியைப் பற்றிச் சொல்லவேண்டும். "தேஷ் கொத்தாய்?" என்று கேட்பார்கள். தேசம் எங்கே என்பது நேர்ப்பொருள். புதிதாக வந்தவர்களுக்கு இது சற்றுச் சினமூட்டும். நாமும் பாரத தேசத்தவர்தாமே, தமிழர் என்றால் வேறு தேசத்தவரா என்று வாதிடப் புகுந்தவர்களும் உண்டு. கேட்டவர் அவ்வாறு நினைக்கவே இல்லை. அவருக்குத் தேஷ் என்றால் பூர்விகக் கிராமம். நாம் "எந்த ஊர்?" என்று கேட்கிறோமே, அதுதான்.

இருப்பிடத்தைக் குறிக்க வங்காளத்தில் மூன்று சொற்கள். 'பாஷா' என்பது பிழைப்பின்பொருட்டுத் தங்கியிருக்கும் வாடகை இல்லம். பறவைக்கூட்டுக்கும் அப்பெயர் உண்டு. இதை 'பாஷை' என்று நாம் கேட்டுவிடுகிறோம். மொழியைக் குறிக்கும் சொல்லில் பகரத்தை அழுத்தவேண்டும். 'பாடி' என்பது சொந்த வீடு, குலத்தின் வீடு. 'தேஷ்' அந்த வீடு நிற்கும் மண். பாஷா கல்கத்தாவிலும் பாடி பர்த்வானிலும் இருப்பது அவர்களுக்கு இயல்பு. 1947 ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களைத் தேஷ் எங்கே என்று கேட்டால் பரிசால் என்பார்கள், ஃபரீத்பூர் என்பார்கள், டாக்கா என்பார்கள். அவர்களுட் பலர் அங்கே திரும்பிப் போகவே இல்லை. இங்கே பிறந்த அவர்களுடைய மக்களும் கண்ணால் காணாத அந்த ஊரின் பெயரையே சொல்லக் கேட்டிருக்கிறோம். அரசியல்படி அது இப்போது வேறு தேசம்; அவர்கள் மொழிப்படி இன்னும் அவர்கள் தேஷ். அந்நிலையோடு ஒப்பிட்டால் நம் நிலை எவ்வளவோ மேல். ஹௌராவில் சென்னை மெயிலில் ஏறினால் ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். யாரும் கடவுச்சீட்டுக் கேட்பதில்லை.

ஆனால் நம் பிள்ளைகளிடம் இக்கேள்வி வரும்போது விடை சிக்கலாகிறது. லேக் மார்க்கெட் பக்கத்தில் பிறந்து வளர்ந்த பெண்ணொருத்தியைப் பள்ளித் தோழி தேஷ் எங்கே என்று கேட்டால், மன்னார்குடிக்கு அருகே ஒரு சிற்றூரின் பெயரைச் சொல்லுகிறாள். அங்கே அவள் தங்கிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். விடுமுறைக்கு அதே சிற்றூருக்குப் போய்க் குளக்கரையில் நிற்கும்போது, வழியே போகும் கிழவர் "எந்த ஊர் குழந்தை?" என்று கேட்டால், சிறிதும் தயங்காமல் "கல்கத்தா" என்கிறாள். 2001 ஆம் ஆண்டு முதல் அது கொல்கத்தா என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆயினும் தாத்தா சொன்னபடிதான் சொல்லுகிறாள். கிழவர் அத்தோடு விடுவதில்லை. "அது சரி, சொந்த ஊர்?" என்கிறார். இந்த ஊர்தான் என்று அவள் சொன்னதும் தடியை ஊன்றிக்கொண்டு நின்று, எந்தத் தெரு, யார் வீட்டுப் பேத்தி என்று கேட்கத் தொடங்குகிறார்.